சாவு சமமா? துக்கம் சமமா?

“சாவுக்குக் கறுப்பன், வெள்ளையன் என்ற பேதம் உண்டா?” என்று கேட்டுக் கையை விரிக்கிறார்கள் சிலர். உண்டு என்கிறோம் நாம்!

எல்லோரும் ஒரு நாள் சாகத்தான் வேண்டும். ஆனால் எந்த வீட்டில் எத்தனை சாவு, எந்த வயதில் என்பதைக் காலன் மட்டுமா தீர்மானிக்கிறான்? கூலியும் குடியிருப்பும் வைத்தியமும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

அமெரிக்காவைப் பாருங்கள். டெக்சாஸ் பல்கலைக்கழகத்து டெப்ரா அம்பர்சன் குழுவினர் 2017இல் வெளியிட்ட ஆய்வு என்ன சொல்கிறது? 30 வயதுக்குள் குடும்பத்தில் இருவரையோ அதற்கு மேலோ பறிகொடுக்கும் நிலை, வெள்ளையரைவிடக் கறுப்பினத்தாருக்கு இரு மடங்கு! ஒரு புண் ஆறுமுன் மறு வெட்டு.

“ஆனாலும் அவர்களுக்கு நெஞ்சுரம் அதிகம், தாங்கிக்கொள்வார்கள்” என்று சமாதானம் சொல்வோர் உண்டு. அதற்குக் கணக்கும் காட்டுவார்கள். 2007இல் வெளியான ஆய்வின்படி, வாழ்நாளில் மனச்சோர்வு நோய் கண்டவர்கள் வெள்ளையரில் 17.9 விழுக்காடு, கறுப்பினத்தாரில் 10.4 விழுக்காடுதான். அதே ஆய்வின் அடுத்த கணக்கை ஏன் மறைக்கிறார்கள்? நோய் கண்டவர்களில் அது நாட்பட்டு நின்றது வெள்ளையரில் 39 விழுக்காடு. கறுப்பினத்தாரில் 56 விழுக்காடு! கடும் நோயுற்ற கறுப்பினத்தாரில் பாதிப்பேருக்குக்கூடச் சிகிச்சை கிட்டவில்லை. இதுவா நெஞ்சுரம்? நாதியற்ற நிலைக்கு நல்ல பெயர் சூட்டுகிறார்கள்!

1968 பிப்ரவரி 1ஆம் நாள், மெம்பிஸ் நகரில் கறுப்பினத் துப்புரவுத் தொழிலாளர் இருவர் குப்பை லாரியின் பொறியில் நசுங்கி மாண்டனர். தோழர்கள் விதியென்று அழுது ஓயவில்லை. சுமார் 1,300 பேர் வேலைநிறுத்தம் செய்தனர். துணை நிற்க வந்த மார்ட்டின் லூதர் கிங் ஏப்ரல் 4இல் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போதும் அவர்கள் பணியவில்லை. ஏப்ரல் 16இல் நகராட்சி சங்கத்தை அங்கீகரித்தது. ஆயினும், அடக்கத்துக்குப் போகும் நாளுக்குக் கூலி கொடு என்று அமெரிக்க மத்தியச் சட்டம் இன்றும் முதலாளியைக் கட்டாயப்படுத்தவில்லை.

அமெரிக்கக் கதை நமக்கெதற்கு என்கிறீர்களா? பெற்ற தாயை எரித்துவிட்டு மறுநாள் பெரட்டுக்கு நிற்பது எப்படி என்று பால்மரத் தொழிலாளிக்கு விளக்க வேண்டுமா? அந்தப் பெயரைச் செக்ரோலில் அடிக்கும் கிராணிக்குத் தெரியாதா?

சகோதரர்களே! சம்பளத்தோடு துக்க லீவைக் கூட்டு ஒப்பந்தத்தில் கேட்போம். கருமாதியோடு துக்கம் தீர்ந்தது என்று எண்ணாமல், அதன் பின்னும் அந்த லயத்துக் கதவைத் தட்டுவோம். உறக்கமும் உணவும் இன்றி வாரக்கணக்கில் வாடுபவரை டாக்டரிடம் அழைத்துச் செல்வோம். துக்கம் அவரவர் வீட்டுக் காரியம் என்று ஒதுங்குவதா? அது சங்கத்தின் காரியம்!