முதுகுவலியிலிருந்து தேறியவர் ஸ்கூபா டைவிங் போகலாமா?



விடுமுறை வந்தால் நம் சங்கரன்கோவிலில் இருந்தும் அந்தமான், பாண்டிச்சேரி என்று குடும்பத்தோடு கிளம்புகிறார்கள். போன இடத்தில் ஸ்கூபா டைவிங். விசைத்தறி வைத்திருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் கேட்டார்: "சார், டிஸ்க் பிரச்சினை இப்பத்தான் சரியாச்சு. பிள்ளைங்களோட நானும் இறங்கலாமா?"

நான் மருத்துவர் இல்லை. படித்தும் விசாரித்தும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் தரையில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு. அது டிஸ்க்கை நசுக்கிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். நசுக்காது. நீரின் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகச் செயல்படும். அதோடு மிதப்பு விசை உடல் எடையைத் தாங்கிக்கொள்வதால், நீருக்குள் முதுகுக்குப் பாரம் குறைவு.

ஆபத்து படகில்தான். காற்று நிரப்பிய சிலிண்டர் 15 கிலோவுக்கு மேல் இருக்கும். ஏறக்குறைய நம் வீட்டுக் காலி காஸ் சிலிண்டர் எடை. அதை முதுகில் மாட்டி, இடுப்பில் ஈயக்கட்டி பெல்ட்டும் கட்டி, ஆடுகிற படகில் எழுந்து நிற்க வேண்டும். முடிந்ததும் ஈரத்தோடு ஏணி ஏற வேண்டும். தேறிவரும் முதுகு பிடித்துக்கொள்வது இங்கேதான்.

தூத்துக்குடியில் அந்தக் காலத்தில் முத்துக்குளித்தவர்கள் கயிற்றில் கட்டிய கல்லோடு கீழே போனார்கள். மேலே இழுக்கப் படகில் ஆள் இருந்தது. பாரத்தைக் கயிறு தாங்கியது, முதுகு அல்ல. நாமும் அப்படியே கேட்கலாம். சிலிண்டரைத் தண்ணீரில் வைத்து மாட்டிவிடச் சொல்லலாம், ஏறும் முன் கழற்றி மேலே கொடுத்துவிடலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இன்னொன்று இதைவிட முக்கியம். ஆழத்தில் உடலில் கரையும் நைட்ரஜன், வேகமாக மேலே வந்தால் குமிழியாகும். அது தண்டுவடத்தைத் தாக்கினால் முதுகுவலி, கால் மரத்துப்போதல், கால் பலவீனம் வரும். டிஸ்க் நரம்பை அழுத்தினாலும் இதே அறிகுறிகள்தான்! ஏற்கெனவே கால் மரத்திருப்பவர் கடலில் இறங்கி ஏறிய பின் மரத்தால், காரணம் பழைய டிஸ்க்கா, நைட்ரஜனா? மருத்துவரே குழம்புவார். நைட்ரஜன் என்றால் உடனே அழுத்த அறைச் சிகிச்சை வேண்டும். அது எல்லா ஊரிலும் கிடைக்காது. சுற்றுலாப் பயணிகளின் முதல் டைவ் 12 மீட்டருக்குள் என்பதால் இந்த ஆபத்து குறைவு. ஆனாலும் இல்லை என்று சொல்ல முடியாது.

எனவே என் கருத்து: வலி மட்டும் இருந்து, அதுவும் நீங்கி, தினசரி வேலைகளைச் சிரமமின்றிச் செய்பவர் மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் போகலாம். காலில் மரப்போ பலவீனமோ மிச்சமிருப்பவர் இப்போதைக்கு வேண்டாம்.

டைவிங் நிலையங்களில் ஒரு மருத்துவக் கேள்வித்தாள் தருவார்கள். கடந்த 6 மாதத்தில் அன்றாட வேலையைத் தடுக்கும் முதுகுவலி அடிக்கடி வந்ததா, 12 மாதத்துக்குள் முதுகெலும்பு அறுவை சிகிச்சை நடந்ததா என்று அதில் இருக்கும். "ஆம்" என்றால் மருத்துவர் கையெழுத்து வேண்டும். கட்டிய பணம் வீணாகுமே என்று பலர் "இல்லை" என்று டிக் அடித்துவிடுகிறார்கள். தேர்வில் காப்பி அடித்தால் மதிப்பெண்தான் போகும். இங்கே போவது கால்.

ஊரில் இருக்கும்போதே மருத்துவரைப் பாருங்கள், பிறகு பணம் கட்டுங்கள். அனுபவம் உள்ளவர்கள் கருத்தைப் பதிவிடுங்கள், நாலு பேருக்குப் பயன்படும்.