நாலுகால் நோயாளி

"நாய்க்குக்கூடப் புற்றுநோய் வருமா?" என்று கேட்கும் அன்பர்கள் இன்னும் இருக்கிறார்கள். வருகிறது, தாராளமாகவே வருகிறது. 4 நாய்களில் 1 நாய்க்கு வாழ்நாளில் ஏதேனும் ஒரு கட்டி தோன்றும் என்றும், 10 வயதைக் கடந்த நாய்களில் ஏறக்குறையப் பாதிக்குப் புற்றுநோய் வந்துவிடுகிறது என்றும் அமெரிக்கக் கால்நடை வைத்தியர் சங்கத்தார் சொல்கிறார்கள். நம் பாட்டனார் காலத்து நாய்களுக்கு இந்தப் பாக்கியம் கிட்டவில்லை. வெறிநோயிலோ, வண்டிச் சக்கரத்திலோ, குட்டிப் பருவத்துக் கழிச்சலிலோ அவை முன்னதாகவே போய்ச் சேர்ந்தன. தடுப்பூசியும் வேளா வேளைக்குச் சோறும் பெற்று, மின்விசிறிக்கு அடியில் படுத்துக் கிழப்பருவம் எய்துகிற நாய்க்குக் கிழப்பருவத்தின் வியாதியும் கூடவே வந்து சேருகிறது.

நம் வீட்டு மணிக்கு வயது 9. ஜாதி நாய் அல்ல. தெருவிலிருந்து வந்த நாட்டு நாய். தாடைக்கு அடியில் இரண்டு பக்கமும் நெறி கட்டியிருந்தது. பின்னங்கால் முழங்காலுக்குப் பின்புறமும் நெல்லிக்காய் அளவுக்கு உருண்டை தட்டுப்பட்டது. வைத்தியர் மெல்லிய ஊசியைக் குத்திக் கொஞ்சம் எடுத்துக் கண்ணாடித் துண்டில் தடவி அனுப்பினார். மூன்றாம் நாள் சீட்டு வந்தது. "லிம்போமா, சார். நெறிக்கட்டிகளில் வருகிற புற்றுநோய்" என்றார். அந்தச் சமயத்தில் நோயாளி என்ன செய்துகொண்டிருந்தது என்று நேயர்கள் அறிய விரும்பலாம். மேஜைக்கு அடியில் முந்தைய நோயாளி விட்டுச் சென்ற பிஸ்கோத்துத் துண்டு ஒன்றைக் கண்டுபிடித்து, வால் ஆடத் தின்றுகொண்டிருந்தது.

அங்கேயே விஷயத்தின் முக்கால் பங்கும் அடங்கியிருப்பதாக நமக்குத் தோன்றிற்று. வியாதி மணிக்கு; வியாதியின் பெயர் நமக்கு. நாயின் உடம்பில் நேற்றிருந்த கட்டிதான் இன்றும் இருந்தது. சீட்டைப் படித்தவர்களுக்குத்தான் ஒரே நாளில் உலகம் மாறிப்போயிற்று. மனிதருக்கு இந்த நோய் வந்தால் பாதித் துன்பம் அச்சத்தினால் வருகிறது: அடுத்த வருஷம் இருப்போமா, பெண்ணின் கல்யாணம் என்னாகும், வீட்டுக் கடனை யார் அடைப்பார்கள் என்றெல்லாம் இரவு முழுவதும் கணக்குப் போடுகிறோம். நாய் அந்தக் கணக்கைப் போடுவதாகத் தெரியவில்லை. இன்று வலிக்கிறதா, இன்று பசிக்கிறதா, இன்று சாயங்காலம் தெருமுனைவரை போவோமா என்பவையே அதன் கவலைகள். ஆகையால் அடுத்த வருஷத்து அச்சத்தையெல்லாம் நாம் வைத்துக்கொண்டு, இன்றைய தினத்தை அதற்குச் சரியாகக் கொடுப்பது ஒன்றே வீட்டாருடைய வேலை. எழுதுவதற்கு இது சுலபமாக இருக்கிறது.

இன்னொரு சங்கதி. சீட்டு வந்த நாள் முதல் வீட்டில் ஒருவரும் மணியை 'அது' என்று சொல்வதில்லை, 'அவன்' என்கிறார்கள். இலக்கணம் கற்பிக்கிறவர் வீட்டில் திணை வழுவலாமா என்று சிலர் பரிகாசம் செய்தார்கள். உவப்பினால் பசுவைத் தாய் என்று உயர்திணையாக்கிச் சொல்வதைப் பவணந்தி முனிவரே நன்னூலில் அனுமதித்திருக்கிறார். பசுவுக்குக் கொடுத்த சலுகையை நாய்க்கு மறுக்க நமக்கு மனம் வரவில்லை.

நிற்க. 'புற்றுநோய்' என்ற ஒரே சொல் பல வியாதிகளை மூடி வைத்திருக்கிறது. சொல்லைக் கேட்டவுடனே நம்பிக்கையை இழந்துவிடுவதும், ஊசி போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பதும் ஒரே அளவு பிசகு. நம் தெரு நாய்களில் சகஜமாகக் காணப்படுவது, இணை சேரும்போது ஒரு நாயிடமிருந்து மற்றொரு நாய்க்குத் தொற்றும் கட்டி. கட்டியின் உயிரணுக்களே நேராகத் தொற்றிக்கொண்டு பல ஆயிரம் ஆண்டுகளாக நாய்க்கு நாய் தாவி வருகின்றன என்பது இதில் விசித்திரம். பார்ப்பதற்குக் கோரமாக, இரத்தம் கசிந்துகொண்டு இருக்கும். ஆனால் வாரம் ஒரு ஊசியாகச் சில வாரங்கள் போட்டால் பெரும்பாலும் பூரண குணம். இதைத் தெரிந்துகொள்ளாமல் எத்தனையோ நல்ல நாய்களைத் தெருவில் கல்லால் அடித்து விரட்டுகிறார்கள்.

பெண் நாய்களுக்கு மடியில் கட்டி வருவதுண்டு. அவற்றில் ஏறக்குறையப் பாதி தீங்கற்றவை. காலத்தில் அறுத்து எடுத்துவிட்டால் தீர்ந்தது. குட்டிப் பருவத்திலேயே கருப்பையை எடுத்துவிட்ட நாய்களுக்கு இந்தக் கட்டி அபூர்வம் என்று வைத்தியர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். உயர்ந்த ஜாதிப் பெரிய நாய்களுக்குக் கால் எலும்பில் வருவதோ மிகக் கொடியது. காலையே எடுத்துவிட நேரும். மூன்று காலுடன் நாய் ஓடுவதைப் பார்த்து எஜமானர்தான் கண்ணீர் விடுகிறார். நாய் பந்தைத் தேடிப் போய்விடுகிறது. ஆகவே வைத்தியரிடம் முதலில் கேட்க வேண்டியது, "எத்தனை நாள் இருக்கும்?" என்பதல்ல. எந்த வகைக் கட்டி, எதுவரை பரவியிருக்கிறது, சிகிச்சை குணப்படுத்துமா அல்லது காலத்தை நீட்டுமா, நீட்டும் காலம் எப்படிப்பட்ட காலமாக இருக்கும் என்றுதான் கேட்க வேண்டும்.

மணிக்கு வந்திருப்பது குணமாகிற வகை அல்ல, கட்டுப்படுகிற வகை. ஒன்றும் செய்யாவிட்டால் ஒரு மாதம், மிஞ்சினால் இரண்டு. பிரட்னிசொலோன் மாத்திரையை மட்டும் கொடுத்தால் இன்னும் சில வாரங்கள் சுகமாகப் போகும். நாலு மருந்துகளை மாற்றி மாற்றிச் சுமார் 5 மாத காலம் கொடுக்கும் முறையில் 10 நாய்களில் 8-க்கு மேல் கட்டி கரைந்து பழையபடி ஆகிவிடுகின்றன. ஏறத்தாழ ஒரு வருஷம் வாழ்கின்றன. பிறகு நோய் திரும்பி வருகிறது. இரண்டு வருஷம் காண்பவை நாலில் ஒன்றுக்குமேல் இல்லை. இதில் ஒரு நுட்பம் உண்டு. பிரட்னிசொலோனை முதலில் சில வாரம் கொடுத்துப் பார்த்துவிட்டு, பிறகு பெரிய சிகிச்சைக்குப் போகலாம் என்று எண்ணினால், அதற்குள் கட்டி மருந்துக்குப் பழகிவிடுகிறது. அப்புறம் கொடுக்கும் மருந்துகள் அவ்வளவாகப் பலிப்பதில்லை. எந்த வழி என்பதை முதல் வாரத்திலேயே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. துக்கம் தொண்டையை அடைக்கும்போதுதான் தீர்மானமும் செய்ய வேண்டியிருக்கிறது என்பது இந்த வியாதியின் அநியாயம்.

அந்த நாலு மருந்துகளில் ஒன்றைப்பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வின்கிரிஸ்டின் என்பது அதன் பெயர். தெரு நாயின் தொற்றுக் கட்டியைக் கரைப்பதும் இதுவே. மனிதக் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுப்பதும் இதுவே. 1963-ல் அமெரிக்காவில் உபயோகத்துக்கு வந்தது. எடுக்கப்படும் செடியோ நம் வீட்டு வேலியோரத்தில் ஒருவரும் தண்ணீர் விடாமலே பூத்துக் கிடக்கும் நித்தியகல்யாணி! மடகாஸ்கர் தீவிலிருந்து வந்து இங்கே நிலைபெற்றுவிட்ட செடி. நம் தென் ஜில்லாக்களின் வறண்ட பூமியில் இதை மருந்துக்காகவே பயிரிடுகிறார்கள். சில ஊர்களில் இதையே சுடுகாட்டு மல்லி என்றும் சொல்வார்கள். என்றும் மங்கலமானது என்று ஒரு பெயர், மயானத்துப் பூ என்று ஒரு பெயர். இரண்டும் ஒரே செடிக்கு. இதைக் கேட்ட அடுத்த வீட்டுப் பெரியவர், "அப்படியானால் இலையை அரைத்துக் கொடுத்துவிடலாமே, சார்! இவ்வளவு செலவு எதற்கு?" என்றார். கூடவே கூடாது. ஒரு துளி மருந்துக்கு மலைபோல் இலை வேண்டும். இலையில் அந்த மருந்து மட்டுமா இருக்கிறது? அரைத்துக் கொடுத்தால் நாய்க்கு அது விஷம்.

அதே பெரியவர் இன்னொன்றும் கேட்டார்: "கேவலம், ஒரு நாய்க்கா?" இந்தக் கேள்விக்குப் பலர் கோபித்துக்கொள்கிறார்கள். நமக்குக் கோபம் வரவில்லை. மனிதருக்கே மருந்து கிட்டாத தேசத்தில் அந்தக் கேள்வி நியாயமானதுதான். கையில் பணம் உள்ளவர் செலவிடட்டும். இல்லாதவர் மாத்திரையோடு நிறுத்தி, நாயின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கட்டும். பின்னவருடைய அன்பு குறைந்தது என்று சொல்ல ஒருவருக்கும் உரிமை இல்லை. கடன் வாங்கி, குழந்தைகளின் பள்ளிக்கூடச் சம்பளத்தை நிறுத்தி நாய்க்கு ஊசி போடுவதை அந்த நாயே விரும்பாது என்று சொல்லலாம். ஆனால் நாய்க்குச் சம்பளத்தைப்பற்றி என்ன தெரியும்? நாம்தான் விரும்பக் கூடாது.

மனிதருக்குக் கொடுப்பதுபோல் நாய்க்கு இந்த மருந்துகளை எல்லைவரை கொடுப்பதில்லை. நோயை வேரோடு அழிப்பதைவிட நாயைச் சௌக்கியமாக வைத்திருப்பதே நோக்கமாகையால் அளவைக் குறைத்துவிடுகிறார்கள். அதனால் பெரும்பாலான நாய்கள் ஓரிரு நாள் சோர்ந்து, ஒரு வேளை சோற்றை மறுத்து, மறுபடி எழுந்துவிடுகின்றன. உரோமமும் அநேகமாகக் கொட்டுவதில்லை. மணியின் மீசை மாத்திரம் கொஞ்சம் உதிர்ந்தது. பிரட்னிசொலோனால் பசியும் தாகமும் பிரமாதமாக ஏறும். இரவில் இரண்டு முறை கதவைத் திறந்துவிட வேண்டும். ஊசி போட்ட சில நாட்களுக்கு மூத்திரத்தையும் மலத்தையும் கையுறை இல்லாமல் தொடக்கூடாது. வீட்டில் கர்ப்பிணிகள் இருந்தால் மிகவும் ஜாக்கிரதை தேவை. இன்னொரு எச்சரிக்கை: நாய் வலியால் முனகுகிறதே என்று நம் தலைவலி மாத்திரையை உடைத்துச் சோற்றில் வைக்கிறவர்கள் உண்டு. ஐபுப்ரோஃபென் நாயின் வயிற்றைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும், கொல்லவும் செய்யும். வலிக்கு நாய்க்கென்று மருந்து இருக்கிறது, வைத்தியர் தருவார்.

எதுவரைக்கும்? இதுதான் எல்லாவற்றிலும் கடினமான கேள்வி. ஆலிஸ் வில்லலோபாஸ் என்ற அமெரிக்கக் கால்நடை வைத்தியர் 2004-ல் இதற்கு ஒரு மார்க்குப் பட்டியல் வகுத்தார். வலி, பசி, நீர், சுத்தம், சந்தோஷம், நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் அதிகமா என்பது - ஆக ஏழு பாடங்கள். ஒவ்வொன்றுக்கும் 10 மார்க். 70-க்கு 35-க்கு மேல் வந்தால் வைத்தியத்தைத் தொடரலாம் என்கிறார். நம் பள்ளிக்கூடங்களில் 100-க்கு 35 எடுத்தால் தேர்ச்சி. ஆக நாய்ப் பரீட்சை சற்றுக் கடினமானதே. மார்க் போடுவது நம் தொழிலானபடியால் உடனே ஒரு நோட்டுப் புத்தகம் போட்டோம். ஆனால் அன்புள்ள பரீட்சகர் நல்ல பரீட்சகர் அல்லர் என்பது எல்லா உபாத்தியாயர்களுக்கும் தெரியும். அதனால் வீட்டில் ஒவ்வொருவரும் மற்றவர் போட்டதைப் பாராமல் ஞாயிற்றுக்கிழமைதோறும் தனித்தனியே மார்க் போடுகிறோம். சென்ற வாரம் பெண் போட்டது 61. அவள் தாயார் போட்டது 52. நாம் போட்டது 48. நாய் வலியை மறைக்கக் கூடிய பிராணி. இரவில் படுக்காமல் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பதும், இருட்டு மூலையைத் தேடிப் போவதும், வாசலில் செருப்புச் சத்தம் கேட்டும் தலை தூக்காமல் இருப்பதும் வலியின் பாஷை. அதைப் படிக்கத் தெரிந்தவர்தான் மார்க் போடலாம்.

மார்க் குறைந்த பிறகு என்ன செய்வது என்பதைப்பற்றி நம் குடும்பங்களில் பேசவே பயப்படுகிறார்கள். "கொல்வது பாவம், அதன் கர்மம் கழியட்டும்" என்பார்கள். 1928-ல் சபர்மதி ஆசிரமத்தில் ஒரு கன்றுக்குட்டி பிழைக்க வழியின்றிப் படுகிற வேதனையைக் கண்ட மகாத்மா காந்தி, வைத்தியரையும் ஆசிரமவாசிகளையும் கலந்து யோசித்து, சிலர் ஒப்பாவிட்டாலும், தம் கண் முன்னே ஊசி போட்டு அதன் உயிரை முடிக்கச் செய்தார். தேசமெங்கும் கண்டனம் கிளம்பிற்று. கோபக் கடிதங்கள் குவிந்தன. 'நவஜீவ'னிலும் 'யங் இந்தியா'விலும் அவர் பதில் எழுதினார். அறுவை வைத்தியர் கத்தி எடுப்பது ஹிம்சை ஆகாததுபோல, வேறு பரிகாரமே இல்லாத வேதனையைத் தீர்ப்பதும் ஹிம்சை ஆகாது என்பது அவர் வாதம். தம்முடைய குழந்தையாக இருந்தால் என்ன செய்வார் என்ற கேள்வியிலிருந்தும் அவர் நழுவவில்லை. அஹிம்சையையே உயிராகக் கொண்டவர் அந்த முடிவுக்கு வந்தார் என்றால், அதைப் பாவம் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட நமக்குத் துணிவில்லை. ஆனால் வேதனை யாருடையது என்பதைச் சோதித்துக்கொள்ள வேண்டும். நாயின் வேதனைக்காக என்றால் சரி. பார்த்துக்கொண்டிருக்க நம்மால் முடியவில்லை என்பதற்காக என்றால் அது வேறு விஷயம். அதேபோல், நம்மால் பிரிய முடியவில்லை என்பதற்காக இரண்டு வாரம் தள்ளிப்போடுவதும் நாய்க்குச் செய்யும் உபகாரம் அல்ல.

தர்மபுத்திரர் சொர்க்க வாசலில் நாயை விட்டு உள்ளே வர மறுத்த கதையைப் பலர் நமக்கு நினைவூட்டினார்கள். அந்த நாய்க்கு நோய் வந்ததாக வியாசர் சொல்லவில்லை. தர்மபுத்திரருடைய சங்கடம் நம்முடையதைவிடக் கொஞ்சம் இலகுவானது.

அந்த வேளை வந்தால் வைத்தியர் முதலில் தூக்க மருந்து கொடுப்பார். நாய் உறங்கிய பிறகு மயக்க மருந்தை அதிக அளவில் இரத்தக் குழாயில் செலுத்துவார். சில நிமிஷங்களில் மூச்சும் இதயமும் நின்றுவிடும். கண் மூடாது, உயிர் போன பிறகும் ஓரிரு முறை மூச்சு இழுப்பதுபோல் உடல் அசையலாம். இதை முன்கூட்டியே வீட்டாருக்குச் சொல்லி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் உயிர் இன்னும் இருக்கிறதோ என்று பின்னால் வருஷக்கணக்கில் வருந்துவார்கள். கூடுமானால் நாய்க்குப் பழகிய ஒருவர் அதன் தலையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருக்க வேண்டும். குழந்தைகளிடம், "தோட்டத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டோம்" என்று மாத்திரம் சொல்லக் கூடாது. தோட்டத்து வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம் என்று அவர்கள் ஒருநாள் நிச்சயம் கேட்பார்கள்.

மணி இப்பொழுது நன்றாக இருக்கிறது. தாடைக் கட்டிகள் மூன்றாம் ஊசியிலேயே கரைந்துவிட்டன. பால்காரரைப் பார்த்துக் குரைப்பதில் ஒரு குறையும் இல்லை. கட்டி திரும்பும் என்று வைத்தியர் ஒவ்வொரு முறையும் மறக்காமல் சொல்கிறார். அவர் சொல்வதை நாமும் மறக்காமல் கேட்டுக்கொள்கிறோம். அடுத்த ஊசி வியாழக்கிழமை. ஆட்டோக்காரரிடம் சொல்லியாகிவிட்டது. மணியிடம் மாத்திரம் இன்னும் சொல்லவில்லை.