அடிக்கும் மீனும் அடிபடும் மீனும்

நன்னீர் மீன்களை வளர்த்துப் பழகியவர்கள், அடுத்த படியாகக் கடல் மீன்களின்மீது ஆசை கொள்வது இயல்பே. பவளப் பாறைகளிடையே வாழும் மீன்களின் வண்ணம் அத்தகையது. அந்த அழகுக்காகப் பெருஞ்செலவு செய்து உப்புநீர்த் தொட்டி அமைக்கும் இல்லங்கள் இன்று நம்மிடையே உண்டு. ஆனால், தொட்டி அமைந்த சில வாரங்களுக்குள்ளேயே பலருக்கு ஒரு துயரம் நேரிடுகிறது. விரல் நீளமேயுள்ள ஒரு மீன், புதிதாக விடப்பட்ட மற்றொரு மீனை ஓட ஓட விரட்டுகிறது. துடுப்பையும் வாலையும் கடித்துக் கிழிக்கிறது. மூன்றாம் நாள் காலையில் புதிய மீன் செத்து மிதக்கிறது. “இது பொல்லாத மீன், தூக்கி எறியுங்கள்” என்று பிள்ளைகள் அழுகின்றனர். பெற்றோர் செய்வதறியாது திகைக்கின்றனர்.

அந்த மீன் உண்மையிலேயே பொல்லாததுதானா? அதனை அடக்க வழி உண்டா? இத்திங்கள் இவற்றைக் குறித்து வாசகர்களோடு சிந்திக்க விழைகிறோம்.

ஏன் அடிக்கிறது?

விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்து 1973-ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றவர்களுள் ஒருவரான கொன்ராட் லாரன்ஸ், பவளப் பாறை மீன்களைக் கடலிலும் தொட்டியிலும் கூர்ந்து நோக்கியவர். 1963-இல் வெளியான தமது நூலில் அவர் ஓர் உண்மையை எடுத்துக் காட்டினார். இம்மீன்கள் பிற இனத்தாரைவிடத் தம் இனத்தாரையே மிகுதியாகத் தாக்குகின்றன. ஒரே உணவை உண்பதும் ஒரே பொந்தை நாடுவதும் ஒரே துணையைத் தேடுவதும் தன் இனமே அல்லவா? ஆதலால், ஒவ்வொரு மீனும் பாறையில் ஒரு சிற்றிடத்தைத் தனதாக்கிக் கொண்டு, அதன் எல்லையைக் காக்கிறது. நிறத்தாலும் உருவத்தாலும் உணவாலும் தன்னை ஒத்த வேற்றின மீனையும் அது பகையாகவே கருதுவதுண்டு.

கடலில் இதனால் பெருந்தீங்கு விளைவதில்லை. விரட்டப்பட்ட மீன் சில அடி தூரம் ஓடி எல்லையைக் கடந்துவிட்டால், விரட்டிய மீன் திரும்பிவிடும். தொட்டியிலோ ஓடுவதற்கு இடமில்லை. எங்கே திரும்பினாலும் கண்ணாடிச் சுவர். தோற்ற மீன் பகைவனின் எல்லைக்குள்ளேயே நின்று மீண்டும் மீண்டும் கடிபடுகிறது. கடலில் இரண்டு நொடியில் முடியும் சண்டை, தொட்டியில் கொலையாய் முடிவது இதனாலேதான். குற்றம் மீனின் குணத்தில் இல்லை. அதனைச் சுற்றி நாம் எழுப்பிய சுவரில் உள்ளது.

முதலில் குடியேறியவர் யார்?

பல வீடுகளில் தொல்லை தொடங்கும் இடம் ஒன்றுண்டு. புதுத் தொட்டியில் மீனின் கழிவிலிருந்து தோன்றும் அம்மோனியா நஞ்சாகும். அதனை மாற்றித் தீங்கற்றதாக்கும் நுண்ணுயிர்கள் பெருகுவதற்கு ஏறத்தாழ 4 முதல் 6 வாரங்கள் ஆகும். அதுவரை தாக்குப்பிடிக்கக் கூடியது என்று, விலை குறைந்த டாம்சல் மீன்களை முதலில் விடும் வழக்கம் நெடுங்காலம் இருந்து வந்தது. கரிய உடலில் மூன்று வெண்புள்ளிகள் கொண்ட டாம்சல் குஞ்சு, காண்பதற்கு மிகவும் எழில் வாய்ந்தது. ஆனால், அதுவே 14 சென்டிமீட்டர் வரை வளரும். வளர வளரப் புள்ளிகள் மங்கும், முரட்டுத்தனம் ஓங்கும். டாம்சல் இனங்களுள் சில, பாறையில் வளரும் பாசியைத் தம் தோட்டம் போலக் காத்து, நீரில் மூழ்கும் மனிதரையும் எதிர்த்து வருபவை! இத்தகைய மீனை முதலில் குடியேற்றினால் தொட்டி முழுவதும் அதன் உடைமையாகிவிடும். பின்னர் வருவோர் எல்லாரும் அத்துமீறி நுழைந்தவர்களே.

ஆகவே, மீன் இன்றியே சிறிதளவு அம்மோனியா சேர்த்துத் தொட்டியைப் பக்குவப்படுத்துவதே நல்லது. அதன் பின் சாதுவான மீன்களை முதலிலும், முரட்டு மீன்களைக் கடைசியிலும் விடுதல் வேண்டும். இந்த ஒரு முறையைக் கைக்கொண்டாலே பாதித் தொல்லை நீங்கும் என்பது நம் கருத்து.

கோமாளி மீனின் குடும்பம்

எல்லாராலும் விரும்பப்படும் கோமாளி மீனுக்கும் ஒரு சட்டம் உண்டு. இவற்றுள் எதுவும் பெண்ணாகப் பிறப்பதில்லை. ஒரு கூட்டத்தில் மிகப் பெரியது பெண்ணாகிறது. அடுத்தது அதன் துணைவனாகிறது. மற்றவை வளர்ச்சி குன்றிக் காத்திருக்கின்றன. பெண் இறந்துவிட்டால் துணைவனே பெண்ணாக மாறிவிடும். இதனை அறியாமல், வளர்ந்த இரு பெண் மீன்களை ஒரு தொட்டியில் விட்டால், ஒன்று மடியும் வரை போர் ஓயாது. அளவில் சிறிது வேறுபட்ட இரண்டு இளங்குஞ்சுகளை ஒன்றாக வாங்கி ஒன்றாக விடுவதே முறை. சிறியது உடலை நடுங்கச் செய்து பெரியதற்குப் பணிவதைக் காணலாம். அதனைக் கண்டு அஞ்ச வேண்டாம். அது சமாதானத்தின் அடையாளம். மூன்றாவதாக ஒன்றைச் சேர்ப்பதுதான் தவறு.

செய்யத் தக்கவை

விரட்டுதல் எல்லாம் கொடுமையன்று. புதியவர் வந்த முதல் இரண்டொரு நாள் சிறு விரட்டல் இருக்கவே செய்யும். ஆனால், துடுப்பு கிழிந்திருந்தாலும், அடிபடும் மீன் நீரின் மேல்மட்டத்தில் மூலையோடு ஒண்டிக்கொண்டாலும், உண்ண வராமல் வேகமாக மூச்சு வாங்கினாலும் காலம் தாழ்த்தலாகாது. அச்சத்தால் நலிந்த மீனை வெண்புள்ளி நோய் எளிதில் வீழ்த்தும். அந்நோய் மற்ற மீன்களுக்கும் பரவும்.

முதலாவது, பாறைகளை இடம் மாற்றி அடுக்குதல். எல்லைகள் கலைந்துவிட, பழைய மீனும் புதிய மீனும் ஒன்றுபோல் வீடு தேடத் தொடங்கும். பொந்துகள் மீன்களின் எண்ணிக்கையினும் மிகுதியாக இருத்தல் நலம். இதற்கு உயிருள்ள பவளத்தைத் தேட வேண்டாம். நம் நாட்டில் பவளங்கள் 2001-ஆம் ஆண்டு முதல் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றுள்ளன. துளையுள்ள செயற்கைக் கற்களும் பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகளுமே போதும்.

இரண்டாவது, துளையிட்ட கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பெட்டியைத் தொட்டிக்குள் தொங்கவிட்டு, புதிய மீனைச் சில நாட்கள் அதில் வைத்தல். பழைய மீன் பெட்டியை முட்டிப் பார்த்துச் சலித்து, மெல்ல மெல்லப் பழகிவிடும். அது உண்டு நலமாக இருக்கும்போது, விளக்கை அணைத்துவிட்டுத் திறந்துவிட வேண்டும்.

மூன்றாவது, முரடனையே அப்பெட்டியில் ஓரிரு வாரம் அடைத்து வைத்தல். அதற்குள் மற்றவை இடம் பிடித்துக்கொள்ளும். வெளியே வரும்போது முரடனே புதியவனாகிவிடுவான்!

நான்காவது, வெளிப்புறக் கண்ணாடியில் ஒரு நிலைக்கண்ணாடியைச் சாய்த்து வைத்தல். வாலடியில் கத்தி போன்ற முள்ளுடைய சர்ஜன் மீன்கள் தம் நிழலோடு மல்லுக்கு நிற்கும். புதியவருக்குச் சற்று மூச்சு விட நேரம் கிடைக்கும். சில நாட்களுக்கு மேல் இதனை நீட்டிக்கலாகாது. இந்த மீன்களுக்கு நான்கடி நீளத்திற்குக் குறைந்த தொட்டி சிறையே என்பதையும் நினைவில் கொள்க. உணவையும் தொட்டியின் இரு முனைகளில் இட்டால், ஒன்றே எல்லாவற்றையும் மறிக்க இயலாது.

ஒன்றும் பயனளிக்காவிடில்

அப்பொழுது பிரிப்பதே கடமை. வலையால் துரத்தினால் எல்லா மீன்களும் கலங்கும். உணவு வைத்த பொறிப் பெட்டியால் பொறுமையாகப் பிடித்து, வேறு தொட்டியில் வைக்கலாம். வாங்கிய கடையிடமோ பெரிய தொட்டியுள்ள அன்பரிடமோ ஒப்படைக்கலாம். ஆனால், இரக்கம் என்று எண்ணிக் கடலில் விட்டுவிடாதீர்கள். இந்து மாக்கடலுக்கும் பசிபிக் மாக்கடலுக்கும் உரிய சிங்க மீன், 1985-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாக் கடலில் காணப்பட்டது. வளர்ப்போர் தொட்டிகளிலிருந்து அது அங்குச் சென்றதாகவே கருதுகின்றனர். இன்று கரீபியன் கடல் முழுவதும் பரவி, அங்குள்ள சிறு மீன்களை அது விழுங்கி வருகிறது.

வாங்கும்போதே எண்ணித் துணிதல் எல்லாவற்றிலும் சிறந்தது. மண்டபத்திலுள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம், கோமாளி மீன்களையும் சில டாம்சல் இனங்களையும் பொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்யும் முறைகளை உருவாக்கியுள்ளது. தொட்டியில் பிறந்த குஞ்சு கிடைக்கும்போது, கடலில் பிடித்ததை நாடுவானேன்? குஞ்சின் அழகைப் பார்த்து மயங்காமல், அது எவ்வளவு வளரும், எவற்றோடு வாழும் என்று கேட்டறிந்து வாங்குங்கள். வண்ணம் பல வேண்டும் என்ற ஆசையால் தொட்டியை நிரப்புவதைவிட, மூன்று நான்கு மீன்கள் அச்சமின்றி நீந்தும் தொட்டியே கண்ணுக்கும் மனத்துக்கும் இனியது.

பிள்ளைகளுக்கும் இதனை விளக்கிச் சொல்லுங்கள். அடித்த மீன் பொல்லாததன்று; தன் வீட்டைக் காத்தது. அடிபட்ட மீன் கோழையன்று. அதற்கு ஓட இடமில்லை. இரண்டையும் ஒரு பெட்டிக்குள் கொண்டுவந்து சேர்த்தவர்கள் நாம். ஆகவே, அவற்றுக்கு வாழ இடம் செய்து கொடுக்கும் பொறுப்பும் நம்முடையதே.