பக்கத்து வீட்டுக்காரரின் சுதந்திரம்

கண்டோன்மென்ட் காலத்து வெள்ளைக்கார கலெக்டர் ஒருவரின் பெயரை இன்னும் சுமந்துகொண்டிருக்கிறது பெங்களூரின் காக்ஸ் டவுன். இங்கும், ஒட்டியிருக்கும் ஃபிரேசர் டவுன், ரிச்சர்ட்ஸ் டவுனிலும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைகளில் விடுதலை என்ற சொல்லுக்குப் பஞ்சமில்லை. பாவத்திலிருந்து விடுதலை, நோயிலிருந்து விடுதலை, கடனிலிருந்து விடுதலை. போலீஸ் லாக்கப்பில் இருப்பவனின் விடுதலை மட்டும் பிரசங்கத்தில் அபூர்வம்.

அந்த மௌனத்துக்கு ஒரு வேதாகம ஆதாரமும் உண்டு. ஆளும் அதிகாரங்களுக்குக் கீழ்ப்படியச் சொல்லும் ரோமர் நிருபத்தின் 13-ஆம் அதிகாரம். அதை எழுதிய பவுலே பலமுறை சிறைப்பட்டவர் என்பது சௌகரியமாக மறந்துவிடும். கலாத்தியருக்கு எழுதியபோது, கிடைத்த சுதந்திரத்தை சுயநலத்துக்குச் சாக்காக்காமல் ஒருவருக்கொருவர் ஊழியம் செய்யப் பயன்படுத்த வேண்டும் என்றார் அதே பவுல். அப்படிப் பார்த்தால், கிறிஸ்தவனின் சுதந்திரம் அவனோடு முடிவதில்லை. அடுத்தவனுக்குப் பதில் சொல்லும் கடமையும் அதில் சேர்ந்தே வருகிறது.

இந்த இரண்டு பவுல்களில் யாரைக் கேட்பது என்ற கேள்வி 1975 ஜூன் 25 இரவில் நெருக்கடி நிலையோடு வந்தது. சபைத் தலைவர்களில் பெரும்பாலோர் வாய் திறக்கவில்லை. சிலர் வரவேற்கவும் செய்தார்கள். ரயில்கள் நேரத்துக்கு ஓடின அல்லவா?

திறந்த வாய்களில் ஒன்று, காக்ஸ் டவுனிலிருந்து அதிக தூரமில்லாத மில்லர்ஸ் சாலையில் வேலை பார்த்தவருடையது. எம்.எம். தாமஸ், கேரளத்து மார்த்தோமா சபைக்காரர், பாதிரியார் அல்ல. இளமையில் குருப்பட்டத்துக்கும் கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினர் அட்டைக்கும் ஒருசேர விண்ணப்பித்தவர். மார்க்ஸியம் அதிகம் என்று சபை தள்ளியது. கிறிஸ்தவம் அதிகம் என்று கட்சி தள்ளியது. சென்னையில் பிறந்த பி.டி. தேவநந்தன் 1957-இல் தொடங்கி நடத்திய மத, சமுதாய ஆய்வு நிறுவனத்தில் அவருக்குத் துணையாகச் சேர்ந்து, 1962-இல் தேவநந்தன் மறைந்த பிறகு அதன் இயக்குநரானார். 1968 முதல் 1975 வரை உலக சபைகள் மன்றத்தின் மத்தியக் குழுத் தலைவராகவும் இருந்தார்.

நெருக்கடி நிலையை எதிர்த்து தாமஸ் தொடர்ந்து எழுதினார். அவர் நிலைப்பாட்டின் சாரம் எளிமையானது: கிறிஸ்தவனின் மத சுதந்திரம் என்று தனியாக ஒன்று கிடையாது. நாட்டில் எல்லோருக்கும் உள்ள சுதந்திரத்தின் ஒரு பகுதிதான் அது. மற்றவனின் பேச்சும் கூட்டமும் பறிபோகும்போது, நம் ஜெபக்கூட்டத்துக்கு ஆபத்தில்லை என்று ஆறுதல் அடைபவன் சலுகையைத்தான் அனுபவிக்கிறான், உரிமையை அல்ல.

பெங்களூரிலேயே அது எப்படியிருந்தது? மங்களூர் கத்தோலிக்கக் குடும்பத்து ஜார்ஜ் பெர்னாண்டஸ் தலைமறைவாக இருந்தார். பாதிரியாராவதற்காக 1946-இல் பெங்களூர் குருமடத்தில் சேர்க்கப்பட்டவர். அங்கே பெரியவர்களுக்கு உயர்ந்த மேஜையும் நல்ல சாப்பாடும் கிடைப்பதைப் பார்த்து வெறுத்து வெளியேறியவர். அவரைத் தேடி, 1976 மே மாதம் பெங்களூரில் அவர் தம்பி லாரன்ஸைப் பிடித்த போலீஸ், காவலில் சித்திரவதை செய்தது. மறுநாள் நடிகை சினேகலதா ரெட்டி கைதானார். 'சம்ஸ்காரா' படத்தில் நடித்தவர், கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். பரோடா டைனமைட் வழக்கின் இறுதிக் குற்றப்பத்திரிகையில் அவர் பெயரே இல்லை. ஆனாலும் கடுமையான ஆஸ்துமாவோடு எட்டு மாதம் பெங்களூர் மத்திய சிறையில் கிடந்தார். அந்த நிலையிலும் சக பெண் கைதிகளை அடிப்பதை எதிர்த்து நின்றார்.

இங்கே ஒரு சிக்கலை மறைக்கக் கூடாது. பெர்னாண்டஸின் வழி டைனமைட் வழி. உயிர்ச்சேதம் கூடாது என்பதே நோக்கம் என்று அந்தத் தரப்பு சொல்லிவந்தது. ஆனால் வெடிமருந்துக்கு நோக்கம் தெரியாது. ஹிட்லருக்கு எதிரான சதியில் பங்கெடுத்து 1945 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்ட ஜெர்மன் பாதிரியார் போன்ஹோஃபர் இதே சிக்கலைச் சந்தித்தார். அப்படிச் செய்பவன் தன்னை நியாயவான் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது, பழியையும் சேர்த்துத் தோளில் ஏற்க வேண்டும் என்பது அவர் முடிவு. தாமஸ் தேர்ந்தது வேறு வழி: ஒளியாமல், பெயர் போட்டு எழுதுவது. இரண்டில் அதுவே கடினமானது என்று தோன்றுகிறது. மாட்டிக்கொள்ள விலாசம் தயாராக இருக்கிறது.

1977 ஜனவரியில் ஒரு வாரம் கவனிக்கத்தக்கது. 15-ஆம் தேதி சினேகலதா உடல் குலைந்த நிலையில் பரோலில் விடப்பட்டார். 17-ஆம் தேதி ஸ்டானிஸ்லாஸ் என்ற பாதிரியாரின் வழக்கில் உச்ச நீதிமன்றம், மதத்தைப் பரப்பும் உரிமை அடுத்தவரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று தீர்ப்பளித்து, மத்தியப் பிரதேச, ஒரிசா சட்டங்களை உறுதி செய்தது. 18-ஆம் தேதி இந்திரா காந்தி தேர்தலை அறிவித்தார். 20-ஆம் தேதி சினேகலதா இறந்தார். அந்தத் தீர்ப்பைப் பற்றிச் சபைகள் இன்றுவரை வருந்துகின்றன. அந்தச் சாவைப் பற்றி எத்தனை பிரசங்க பீடங்களில் பேச்சு எழுந்தது?

தாமஸுக்கு இன்னொரு பரீட்சையும் வந்தது. 1990-இல் நாகாலாந்து கவர்னரானார். 1992-இல் முதலமைச்சரின் ஆலோசனைப்படி சட்டசபையைக் கலைத்தார், டெல்லியைக் கேட்கவில்லை. குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது, அவர் பதவி போனது. கவர்னர்களுக்கு டெல்லி டெலிபோன்தான் மனசாட்சி என்றிருந்த காலத்தில் அது சின்ன விஷயமல்ல. 1996-இல் அவர் காலமானார்.

சினேகலதா இருந்த சிறை இப்போது சுதந்திரப் பூங்கா. 2008-இல் திறந்தார்கள். 2021 டிசம்பரில் வந்த ஓர் உத்தரவுப்படி, பெங்களூரில் ஆர்ப்பாட்டம் நடத்த அனுமதிக்கப்பட்ட இடம் அது ஒன்றுதான்.