காருக்கு களிமண், நமக்கு நாமம்!

போன ஞாயித்துக்கிழமை மறுபடியும் அந்த போன். "சார், உங்க வண்டிக்கு க்ளே பார் ட்யூ ஆயிடுச்சு சார்." ட்யூவா? அது என்ன எல்.ஐ.சி. பிரீமியமா? ரொம்ப நாளா அடக்கி வச்சிருந்த கடுப்பு பொங்கிடுச்சு மக்களே, அதான் இந்தப் பதிவு. கார் இல்லாதவங்களும் படிக்கலாம், மச்சானையோ மேனேஜரையோ காப்பாத்த உதவும் :-)

க்ளே பார்ங்கறது பிள்ளையார் சதுர்த்திக்கு வாங்கற களிமண் இல்லீங்க. பிசைஞ்ச மாவு மாதிரி இழுபடற செயற்கைப் பொருள், உள்ளே ரொம்ப நைசான தேய்ப்புப் பொடி. ஷாம்பு போட்டு கழுவினாலும் போகாம பெயிண்ட்ல ஒட்டிக்கிட்டிருக்கற இரும்புத் துகள், தார்ப் புள்ளி, மரப்பிசின் இதையெல்லாம் பிடுங்கி எடுத்துடும். நல்ல சாமான்தான். நான் அதுக்கு எதிரி இல்லை.

ஆனா தடாவோ கொடாதேங்கற ஜப்பான்காரர் 1995-ல அமெரிக்காவுல வாங்கின காப்புரிமைல இதுக்கு என்ன பேர் தெரியுமா? 'பிளாஸ்டிக் ஃப்ளெக்சிபிள் க்ரைண்டிங் ஸ்டோன்'. அதாவது வளையற அரைக்கல்! காப்புரிமை வாங்கினவரே அரைக்கல்னு சொல்லிட்டார். நம்ம கடைக்காரர் மட்டும் "பேபி சோப் மாதிரி சார், எத்தனை தடவை வேணா போடலாம்"ங்கறார்.

என் கதைக்கு வரேன். அப்பா ரிடையர்மெண்ட் காசுல 2011-ல வாங்கின கறுப்பு கார். வாராவாரம் விடியக்காலைல பழைய வேட்டித் துணியால துடைப்பார். கறுப்பு வாங்காதீங்கன்னு சொன்னேன், கேக்கலை. இப்ப அவர் இல்லை, வண்டி இருக்கு. அவர் அளவுக்கு எனக்கு பொறுமை கிடையாதுங்கறதால ஒரு கடைல 'மூணு மாசத்துக்கு ஒருக்கா க்ளே' பேக்கேஜ்ல சேர்ந்தேன். தப்பு என்னுதுதான், ஒத்துக்கறேன்.

ஒருநாள் சொன்ன நேரத்துக்கு முன்னாடியே போயிட்டேன். உச்சி வெயில்ல கொதிக்கற பானெட் மேல ஒரு சின்னப் பையன் க்ளேயை வட்டம் வட்டமா தேய்ச்சுக்கிட்டு இருந்தான். வழவழப்புக்கு அடிக்கற ஸ்ப்ரே பாட்டில் காலி. கை நழுவி க்ளே மண்ணுல விழுந்துது. எடுத்தான், பேண்ட்ல ஒரு துடை துடைச்சான், மறுபடி தேய்க்க ஆரம்பிச்சுட்டான். கீழ விழுந்த க்ளேயை தூக்கிப் போடணும்ங்கறது இந்தத் தொழில்ல அரிச்சுவடி. மண்ணு அதுல ஒட்டிக்கிட்டா அது க்ளே இல்லை, உப்புத்தாள். பையனைத் திட்ட மனசு வரலை. நாளைக்கு ஒரு கட்டிதான், எத்தனை வண்டி வந்தாலும் அதுலயே ஓட்டணுமாம். முதலாளி கணக்கு அப்படி.

அன்னிக்கு ராத்திரி பெட்ரோல் பங்க் வெளிச்சத்துல பாத்தா பானெட் பூரா சிலந்தி வலை. திரும்பப் போய் கேட்டா, "அதுக்கு பாலிஷ் பேக்கேஜ் இருக்கு சார்." எப்படி இருக்கு! கீறினதும் அவங்களே, மருந்தும் அவங்களே.

அந்த பாலிஷ் எதைத் தின்னும்னு யாரும் சொல்றதில்லை. கலருக்கு மேல இருக்கற க்ளியர் கோட் சாதாரணமா 40-50 மைக்ரான்தான், நம்ம தலைமுடி அதைவிட தடிமன். ஒவ்வொரு பாலிஷும் அதுல கொஞ்சம் சுரண்டும். முடியாவது வளரும் (எனக்கு அதுவும் இல்லை), க்ளியர் கோட் வளராது.

"அப்ப எப்ப போடறது?"ன்னு கேப்பீங்க. வண்டியை நல்லா கழுவிட்டு, கையை ஒரு மெல்லிசு பிளாஸ்டிக் கவருக்குள்ள விட்டு பெயிண்ட்டை தடவிப் பாருங்க. வழவழன்னு போனா க்ளேயே வேணாம். சொரசொரன்னு இருந்தா மட்டும் வேணும். காலண்டரைப் பாத்து பண்ற வேலை இல்லை இது. எங்க வீடு பல்லாவரத்துல தண்டவாளம் ஓரம். ரயில் பிரேக்ல இருந்து பறக்கற இரும்புத் தூள் எனக்கு அதிகம், ஆனாலும் வருஷத்துக்கு ஒருக்கா போதுது. அதுவும் முதல்ல அயர்ன் ரிமூவர் அடிச்சுடுவேன். துகள் ஊதா கலர்ல கரைஞ்சு ஒழுகும், பாக்கவே அழகு. அப்புறம் நிழல்ல, ஷாம்பு தண்ணி தாராளமா விட்டு, அழுத்தாம, நேர்கோட்டுல. அழுக்கானா மடிச்சுப் பிசைஞ்சு புதுப் பக்கம். கடைசில மெழுகு கட்டாயம், ஏன்னா பழைய மெழுகும் க்ளேயோட போயிடும்.

இன்னொரு புளுகு: க்ளே போட்டா கீறல் போகுமாம், போர் தண்ணிக் கறையும் போகுமாம். கீறல்ங்கறது பள்ளம், மேல ஒட்டினதைப் பிடுங்கற சாமான் பள்ளத்தை என்ன பண்ணும்? உப்புத் தண்ணி காய்ஞ்சு பெயிண்ட்டை அரிச்சிருந்தா அதுவும் அப்படித்தான்.

போன்ல பேசின தம்பிகிட்ட, "கவர்ல கையை விட்டுப் பாத்தீங்களா?"ன்னு கேட்டேன்.

"சீட் கவரா சார்? அதுக்கும் ஆஃபர் இருக்கு."