அனுமதி அளித்தவர் யார்?

துப்பாக்கியால் சுட்டு விளையாடும் பப்ஜியை 2020 செப்டம்பரில் நம் அரசு தடை செய்தது. அது நாட்டின் பாதுகாப்பைக் கருதி. பிள்ளைகளின் வயதைக் கருதி அன்று. 2021 ஜூலையில் 'பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா' என்ற புதுப்பெயரில் அதுவே மீண்டும் வந்தது. 18 வயது நிரம்பாதோர் பெற்றோரின் கைப்பேசி எண்ணைக் கொடுத்து அனுமதி பெறவேண்டும் என்றார்கள். நல்ல விதிதான். ஆனால் நரிக்குடியில் அம்மா கரிமூட்டத்துக்குப் போயிருக்க, கைப்பேசி தம்பியிடம் அல்லவா இருக்கிறது! கேட்பவனும் அவனே, அனுமதிப்பவனும் அவனே.

பெற்றோரே, அதைப் பிடுங்கிவிடுங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. எங்கள் பாடங்களும் அதில்தான் வருகின்றன. 'ஏ' சான்றிதழ்ப் படத்துக்கு எங்களை அனுப்பமாட்டீர்களே! ஒருநாள் மாலை தம்பியின் அருகில் அமர்ந்து, யாரைச் சுடுகிறான், முகம் தெரியாத யாரோடு பேசுகிறான் என்று பாருங்கள். ஆங்கிலம் தெரியாதே என்று தயங்கவேண்டாம். நாங்கள் படித்துச் சொல்கிறோம்.