அட்வான்ஸுக்கு முன் கல்லைத் தேடுங்கள்

எங்கள் கூமாப்பட்டி ரீல்ஸில் பிரபலமான பிறகு, "அங்கே வீடு ஏதாவது விலைக்கு வருமா சார்?" என்று கேட்கிறார்கள். எல்லோருக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே இடத்தை அளந்துவிடுங்கள்.

நான் பட்டவன். ஓய்வுப் பணத்தில் 5 சென்ட் இடத்தோடு ஒரு பழைய வீடு வாங்கினேன். பத்திரப்படி 2,178 சதுர அடி. தரகர் கூட்டி வந்த தனியார் சர்வேயர் வேலியோரமாக டேப் பிடித்து, கால் மணி நேரத்தில் "சரியா இருக்கு" என்றார். சர்வே கல்லை அவரும் தேடவில்லை, நானும் கேட்கவில்லை. காபி வேறு வாங்கிக் கொடுத்தேன்! இரண்டு வருடம் கழித்துப் பக்கத்து வீட்டுக்காரர் முறைப்படி அளந்தார். என் குளியலறை இரண்டடி அவர் இடத்துக்குள் நின்றது. இடித்துக் கட்டினேன்.

வேலி என்பது யாரோ வசதிக்குப் போட்டது. புலப்படத்தில் உள்ள அளவைக் கல்லுக்குக் கல் பிடித்துப் பார்க்க வேண்டும். பட்டாவையும் புலப்படத்தையும் அரசு இணையதளத்திலேயே பார்க்கலாம். நத்தத்து வீடு என்றால் நத்தம் பட்டாவையும் வரைபடத்தையும் கேளுங்கள். பத்திரம் பதியும்போது யாரும் வந்து அளப்பதில்லை. பத்திரத்தில் பரப்பளவும் நான்கு எல்லையும் முரண்பட்டால், கோர்ட் பெரும்பாலும் எல்லையைத்தான் பார்க்கும்.

அதனால் விற்பவரையே மனுப் போடச் சொல்லுங்கள். கட்டணம் நீங்களே கட்டினாலும் சரி. அரசு சர்வேயர் அளக்கும்போது நான்கு பக்கத்துக்காரர்களும் நிற்கட்டும். "விற்கிறவர் கோபித்துக்கொள்வாரே" என்றார் ஒரு நண்பர். மனுப் போட மறுப்பவரிடம் இனி நான் வாங்க மாட்டேன்.